பட்டணம் வருகிறது, பட்டா வரவில்லை

கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னார் அம்பேத்கர். மேல்சாதி அறிவாளிகள் தலையில் தூக்கிவைத்து ஆடிய கிராமம், அறியாமையும் வகுப்புவெறியும் அடைந்து கிடக்கிற இடம்தான் என்று 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையிலேயே போட்டு உடைத்தார். சரிதான். ஆனால் நகர விளிம்பில் கிடக்கிற சேரிகளின் கதை வேறு. நாங்கள் பட்டணத்துக்குப் போகவில்லை. பட்டணம் எங்கள் மேல் ஏறி வருகிறது.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் சேரி, நாற்பது வீடு. ஊர்க்காரன் கழனியெல்லாம் பிளாட்டாகி விட்டது. அவனுக்கு லட்சம் லட்சமாய்ப் பணம். அந்தக் கழனியில் நாத்து நட்டவளுக்கு? பிளாட்டில் முளைத்த வீடுகளில் பத்துப்பாத்திரம். ஊர் அழிந்தால் சாதி அழியும் என்கிறார்களே, அழிந்ததா? மனைக்கும் சேரிக்கும் நடுவே மதில் எழும்புகிறது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று ஒரு வீட்டு மதில் இடிந்து விழுந்து செத்த 17 பேரும் தலித்துகள்.

வங்கியில் குமாஸ்தா நான். சாதி எப்படிக் காகிதமாகிறது என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் தெரியும். வீட்டுக்கடன் கேட்டு வரும் ஊர்க்காரர் கையில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. எங்க ஆள் கையில் ரேஷன் கார்டு, கரண்ட் ரசீது. "நாலு தலைமுறையா அங்கதான் சார் இருக்கோம்." இருந்ததற்குப் பத்திரம் ஏது? அவருக்குக் கடன், நமக்குக் கந்துவட்டி.

நமக்கு நிலமே இருந்ததில்லையா? இருந்தது. இதே செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை 1010 வந்தது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் செல்லாது. அதுதான் பஞ்சமி நிலம். அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

இப்போது நம் படித்த பிள்ளைகள் சிலர், "அந்தக் கண்டிஷனை எடுத்துட்டா நாமளும் நல்ல விலைக்கு வித்துட்டுப் போகலாமே" என்கிறார்கள். கண்டிஷன் இருக்கும்போதே பிடுங்கியவன், இல்லாவிட்டால் விடுவானா? கூலி நின்றுபோனவன் வீட்டுக் கஷ்டத்தில் விற்கிறபோது விலையை வைப்பவன் வாங்குகிறவன்தான். போன நிலத்தைத் திருப்பிக் கேட்க நமக்கு மிச்சமிருக்கிற ஒரே வாய் அந்தக் கண்டிஷன். அதையும் நாமே மூடிக்கொள்வதா?

மாணவத் தோழர்களே, கூட்டம் போட்டுக் கைதட்டியது போதும். தாலுகா ஆபீசுக்குப் போங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இன்றைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தர மறுத்தால் 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பழையதில் டி.சி. நிலம் என்றிருந்து, புதியதில் வேறொருவன் பேரில் நிற்கிற சர்வே எண்களை எழுதிக்கொண்டு வந்து சேரி நடுவில் நின்று உரக்கப் படியுங்கள். பிளாட்டுக்குக் கல் நடுவதற்கு முன்னால் நடக்கவேண்டிய வேலை இது. கல் நட்ட பிறகு கோர்ட்டு வாசலில் இன்னும் நாலு தலைமுறை நிற்க வேண்டியிருக்கும்.