கோச் வைக்கலாம், டப்பா வாங்க வேண்டாம்



இப்போது 'வெல்னஸ் கோச்' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வீடு வருகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். எங்கள் மில்லர்புரத்தில் பள்ளிக்கூட வாசல், கல்யாண வீடு, வாட்ஸ்அப் குரூப் என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சுதான். "எடை குறையணுமா, என்கிட்ட வாங்கக்கா" என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிடுகிறார்கள். இதெல்லாம் சுத்த ஏமாற்று என்கிறார்கள் சிலர். சாமியே இறங்கி வந்த மாதிரி கொண்டாடுகிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. நல்ல கோச் அமைந்தால் குடும்பத் தலைவிக்குப் பெரிய துணை. டப்பா விற்க வருகிறவர் கோச் இல்லை, வியாபாரி. இந்த வித்தியாசம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஏன் தேவை வந்தது என்று முதலில் சொல்கிறேன். எனக்கு 36 வயது. போன வருஷம் வெறும் வயிற்றில் ரத்தம் பரிசோதித்தபோது சர்க்கரை 112 இருந்தது. 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோய் வாசலில் வந்து நிற்கிறது என்று அர்த்தம், 126-ம் அதற்கு மேலும் போனால் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம் என்று டாக்டர் விளக்கினார். "மாத்திரை வேண்டாம்மா. சாப்பாட்டைச் சரி பண்ணு, தினம் நட" என்றார். ஐந்து நிமிஷம்தான். வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது அவர்தான் என்ன செய்வார்? சாப்பாட்டை எப்படிச் சரி பண்ணுவது, மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று சமைக்கிற வீட்டில் எனக்கென்று எதை மாற்றுவது, எந்த நேரத்தில் நடப்பது? இதற்கெல்லாம் பதில் சொல்ல டாக்டருக்கு நேரமில்லை. அந்த இடத்தை நிரப்புகிறவர்தான் கோச்.

எனக்கு அமைந்தவர் சத்துணவு படிப்பு படித்த பெண். முதல் நாள் ஒரு மணி நேரம் கேள்விதான் கேட்டார். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் வாங்கிப் பார்த்தார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், எத்தனை மணிக்குப் படுப்பேன், மாதவிலக்கு சரியாக வருகிறதா, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, நேற்று என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக, "வீட்டில் நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்? எல்லோருக்கும் கடைசியாகவா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

ஓட்ஸ் வாங்கு, ஆலிவ் எண்ணெய் வாங்கு என்று அவர் சொல்லவே இல்லை. தூத்துக்குடிக்காரி நான், மீன் இல்லாமல் முடியாது. "மீனை நன்றாகச் சாப்பிடுங்கள். பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வையுங்கள். சோறு மூன்று கரண்டி என்றால் இரண்டு கரண்டி, அந்த இடத்தில் காய்" என்றார். கருவாடும் ஊறுகாயும் வாரம் ஒரு நாள் போதும் என்றார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உப்பளத்துக்கு நடுவில் குடியிருக்கிற நமக்கு அந்த ஒரு டீஸ்பூன் குழம்பிலேயே தீர்ந்துவிடும்! ராத்திரி பொரித்த புரோட்டாவும் சால்னாவும் வாரத்துக்கு மூன்று நாள் என்றிருந்தது மாதத்துக்கு இரண்டு நாள் ஆனது. மக்ரூனை அவர் தடுக்கவில்லை. "ஒன்று சாப்பிடுங்கள், பொட்டலத்தை வீட்டில் வைக்காதீர்கள்" என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் சொல்வார். சனிக்கிழமை போன் செய்து முடிந்ததா, முடியவில்லையா, ஏன் முடியவில்லை என்று கேட்பார். திட்டமாட்டார். கோச்சிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான். இதைவிடப் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது.

'போன் செய்து கேட்பதற்கா காசு?' என்று சிரிப்பவர்களுக்கு இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,000-க்கும் அதிகமானவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துக் கவனித்தார்கள். 2002-ல் அதன் முடிவு வந்தது. ஒரு பிரிவில் ஆளுக்கு ஒரு கோச். எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்க வேண்டும் என்பதுதான் பாடம். அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட பிரிவில் 31 சதவீதம்தான் குறைந்தது. நம் சென்னையிலும் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து இதே மாதிரி செய்து 2006-ல் வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருஷத்துக்குள் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாடு, நடை பற்றிச் சொல்லித் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருத்தர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில்தான் பலன் கிடைத்திருக்கிறது. 70 கிலோ இருக்கிறவருக்கு ஏழு சதவீதம் என்றால் ஐந்து கிலோதான். 150 நிமிஷம் என்றால் தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். ரோச் பூங்காவுக்குப் போக முடியாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது.

இனி அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு மைனி. ஐந்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போட்டு வந்தவர். கோச் என்று வந்த ஒருத்தர், "காலையும் ராத்திரியும் இந்தப் பொடியைக் கலக்கிக் குடிங்க, மாத்திரை எல்லாம் கிட்னியைக் கெடுத்திரும், நிறுத்திருங்க" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. தெருவே ஆச்சரியப்பட்டது. மூன்றாம் மாதம் காலில் பட்ட சின்னக் காயம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 400-க்கு மேல். கட்டுப்பாடு இல்லாமல் போன சர்க்கரையே உடம்பைக் கரைக்கும், நீங்கள் மெலிந்தது நோயால்தான் என்று டாக்டர் சொன்னாராம். கடைசியில் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோச் அதன்பிறகு போனை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவளும் நம்மைப் போல ஒரு குடும்பத் தலைவிதான். கடன் வாங்கிச் சரக்கு எடுத்து வீட்டில் அடுக்கி வைத்திருந்தாள். விற்றால்தான் கடன் அடையும். அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறவர் நம் உடம்பைப் பார்ப்பாரா, தன் டப்பாவைப் பார்ப்பாரா?

வெல்னஸ் கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் எந்த லைசென்சும் தேவையில்லை. அதனால் நாம்தான் விசாரிக்க வேண்டும். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் வேண்டாம். மாத்திரையைக் கூட்டச் சொன்னாலும், குறைக்கச் சொன்னாலும், நிறுத்தச் சொன்னாலும் அன்றைக்கே கும்பிடு போட்டுவிடுங்கள். அது டாக்டரின் வேலை. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்', 'உடல் பருமனைக் குணமாக்கும்' என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சத்துப் பொடி டப்பாவைக் கையில் எடுத்தால், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்க வேண்டும். டப்பாவில் அப்படி எழுதிவிட்டு வாயால் மருந்து என்று சொன்னால் எதை நம்புவது? ஆளைச் சேர்த்துவிடுவதற்கே காசு என்கிற சங்கிலித் திட்டத்தையும் 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். எனக்கு மாதம் 1,500 ரூபாய் ஆனது. "உடம்பைக் குறைக்க ஆள் வைக்கணுமா?" என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். மூன்று மாதம் மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டேன். நல்ல கோச்சும் அதைத்தான் சொல்வார். நாமாகவே பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கிவிட்டு விலகிக்கொள்வதுதான் அவர் வேலை. வருஷக் கணக்கில் தன்னிடமே வர வைக்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மூன்று மாதத்தில் எனக்கு மூன்றரை கிலோதான் குறைந்தது. சர்க்கரை 101-க்கு வந்தது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காசு கொடுக்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2024-ல் இதற்கு ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருதும் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு அப்படி வந்த அக்காவை, கேஸ் புக் பண்ண வந்தவரைப் போலக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினவர்கள் உண்டு. அதே வீட்டில் டப்பா விற்க வந்தவருக்கு ஹாலில் சேர் போட்டுக் காபி கொடுத்தார்கள். இலவசமாக வந்தால் மதிப்பில்லை என்கிற நம் புத்தி மாற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதனை இலவசம்தான். கோச்சுக்குப் பதிலாக, தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து ஒன்றாக நடந்து, ஒருத்தியை ஒருத்தி வாரம் ஒரு நாள் விசாரித்துக்கொண்டாலே பாதிப் பலன் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டில் எல்லோருடைய மாத்திரைக்கும் நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவள் குடும்பத் தலைவிதான். அவளை விசாரிக்க ஒருத்தர் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் இல்லை. அந்த ஒருத்தர் படித்த கோச்சாக இருக்கலாம், சுகாதார நிலையத்து நர்சாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். டப்பாவோடு வருகிறவராக மட்டும் இருக்க வேண்டாம், சகோதரிகளே.

- ஒரு வாசகி, மில்லர்புரம், தூத்துக்குடி.