பழைய காரை எப்போது மாற்றுவது?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அவற்றைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களிலும் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. முதியவர்களைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் சென்று வரவும் அது தேவைப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்ததே தவிர, உறவும் தொழிலும் பிரியவில்லை. ஆதலால் இப்பகுதியில் ஒரு கார் இரு மாநிலச் சாலைகளுக்கும் உழைக்கிறது.

அவ்வாறு உழைத்துத் தேய்ந்த காரை எப்போது மாற்றுவது என்னும் கேள்வி, வாகனக் கடன் குறித்து விசாரிக்க வரும் வாடிக்கையாளர் பலரிடமும் உள்ளது. அதற்கு ஊரில் இரண்டு விடைகள் வழங்குகின்றன. பதினைந்து ஆண்டு முடிந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது ஒன்று. பழுது பார்க்கும் செலவு காரின் சந்தை விலையில் பாதியை எட்டினால் விற்றுவிட வேண்டும் என்பது மற்றொன்று. கடன் வழங்குவது எங்கள் தொழில். ஆயினும் இவ்விரண்டு விடைகளும் குடும்பங்களைத் தேவையற்ற கடனுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் பதினைந்து ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வாகனத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்தி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக் கொள்ளலாம். டீசல் கார்களுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோல் கார்களுக்குப் பதினைந்து ஆண்டு என்னும் தடை, டில்லி தலைநகர்ப் பகுதியின் காற்று மாசு காரணமாக எழுந்தது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு, இங்கும் அவ்வாறே என்று எண்ணிக் காரை அவசரமாக விற்க வேண்டியதில்லை.

புதுப்பிப்பதற்குச் செலவு உண்டு. காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய மோட்டார் வாகன விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ. 5,000 ஆக்கின. இருபது ஆண்டைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ. 10,000 ஆக உயர்த்தப்பட்டது. கேரளத்தில் 15 ஆண்டு கடந்த கார்களுக்கான ஐந்தாண்டு வரியும் 2025 ஏப்ரல் 1 முதல் உயர்ந்துள்ளது. 750 கிலோவுக்கு மேல் 1,500 கிலோ வரை எடையுள்ள காருக்கு முன்பு ரூ. 8,600, இப்போது ரூ. 12,900. கட்டணமும் வரியும் சேர்ந்தால் ரூ. 17,900. பசுமை வரியும், பரிசோதனைக்கு முன் பட்டறையில் செய்யும் வேலைகளும் தனி. இத்தொகை சிறிதன்று. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு ரூ. 3,580 மட்டுமே. புதிய காருக்கான இரண்டு மாதத் தவணையைக்கூட இந்த ஐந்தாண்டுச் செலவு எட்டுவதில்லை. ஆகவே பதினைந்தாம் ஆண்டைக் காரைப் பரிசோதித்து முடிவெடுக்கும் ஆண்டாகக் கொள்ளலாம். விற்றே தீரவேண்டிய ஆண்டாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி இரண்டாவது விடை. ஒரு லட்சம் ரூபாய் மட்டுமே பெறக்கூடிய பழைய காருக்குக் கிளட்ச், சஸ்பென்ஷன், நான்கு டயர்கள் என ரூ. 45,000 செலவு வருவதாகக் கொள்வோம். காரின் விலையில் ஏறத்தாழப் பாதி என்பதால் அச்செலவு வீண் என்று தோன்றும். ஆனால் பழுதுச் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடுவதால் பயனில்லை. காரை மாற்றினால் ஆண்டுதோறும் எவ்வளவு செலவாகும் என்பதோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஏழு லட்சம் ரூபாய்க்குப் புதிய கார் ஒன்றை வாங்குவோம். பழைய காரை விற்ற ஒரு லட்சமும் சேமிப்பிலிருந்து ஒரு லட்சமும் போக, ஐந்து லட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ரூ. 10,379. கட்டும் வட்டி மட்டும் சுமார் ரூ. 1,22,700. இதனுடன் காரின் தேய்மானத்தைக் கூட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் காருக்கு மதிப்பு நிர்ணயிக்கும் அட்டவணையில், நான்கு ஆண்டு கடந்து ஐந்து ஆண்டுக்குள் உள்ள காரின் மதிப்பில் 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. அந்த அளவைக் கொண்டால் ஐந்து ஆண்டுகளில் ரூ. 3,50,000 கரைகிறது. வட்டியையும் தேய்மானத்தையும் சேர்த்து ஐந்தால் வகுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 94,500.

இந்தத் தொகையின் முன் ரூ. 45,000 பழுதுச் செலவு பெரிதாகத் தெரியாது. அதிலும் புதிய டயரும் கிளட்சும் அடுத்த ஆண்டே மீண்டும் தேவைப்படுபவை அல்ல. பழைய கார் சற்றுக் கூடுதலாக எரிபொருள் குடிக்கலாம். சில நாள்கள் பட்டறையில் நிற்கலாம். அந்நாள்களில் வாடகைக் கார் அழைக்க நேரலாம். அவற்றையும் சேர்த்துக் கூட்டினாலும், பணக் கணக்கில் பெரும்பாலும் பழைய காரே வெல்லும். வாடிக்கையாளர் கடந்த மூன்று ஆண்டுகளின் பட்டறை ரசீதுகளை எடுத்துக் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்தால், இதைத் தாமே உணர்வர்.

அவ்வாறாயின், காரை மாற்ற வேண்டிய நேரம் எது? பணத்தால் சீர்செய்ய முடியாத குறை தோன்றும் நேரமே அது என்பது எங்கள் விடை.

அத்தகைய குறைகளில் முதன்மையானது துரு. இப்பகுதிக்கு இது சிறப்பாகப் பொருந்தும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இங்கே பெய்கின்றன. பூவார், பொழியூர் பக்கம் உள்ளோர்க்குக் கடலின் உப்புக் காற்றும் சேர்கிறது. கதவின் ஓரத்தில் தோன்றும் துருவைச் சுரண்டி வண்ணம் பூசலாம். ஆனால் காரின் அடிச்சட்டமும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களும் அரித்துப் போயிருந்தால், விபத்தில் உள்ளிருப்போரைக் காக்கும் வலிமை அந்தக் கூட்டுக்கு இராது. மேலே பூசிய வண்ணம் அதை மறைக்கும். ஆகவே பதினான்காம் ஆண்டிலேயே, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காரை உயரே தூக்கி அடிப்பகுதியைக் காட்டச் சொல்லி நாமே கண்ணால் பார்ப்பது நல்லது. பெரிய செலவுகளை அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்புச் சாதனங்கள். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக், 2019 ஏப்ரல் முதல்தான் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. ஓட்டுநருக்கான காற்றுப்பை அதே ஆண்டு ஜூலையில் கட்டாயமானது. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை அதற்கும் பிறகே வந்தது. எனவே பதினைந்து ஆண்டுப் பழமையான சிறு கார்கள் பலவற்றில் இவை எதுவும் இல்லை. பட்டறையில் பொருத்திக்கொள்ளக் கூடியவையும் அல்ல. ஊருக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் மாதாகோயிலுக்கும் சென்று வரும் காருக்கு இக்குறை அவ்வளவு அழுத்தமாகத் தெரியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் தேசிய நெடுஞ்சாலையில் திருவனந்தபுரம் சென்று திரும்பும் காருக்கு இக்குறையே போதிய காரணம்.

மூன்றாவது, நம்பிக்கை. டயாலிசிஸ் சிகிச்சைக்கு வாரந்தோறும் செல்ல வேண்டியவர் வீட்டில் இருந்தால், வழியில் நிற்கும் காரின் விலையை ரூபாயில் அளக்க முடியாது. ஓர் ஆண்டில் எத்தனை முறை கார் வழியில் நின்றது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். முன்கூட்டியே அறிந்து செய்த பழுதுவேலை செலவைச் சாரும். சொல்லாமல் வந்து வழியில் நிறுத்திய பழுதுதான் எச்சரிக்கை. பழைய காரையும் வைத்துக்கொள்ளாமல் புதிய காரும் வாங்காமல், தேவைப்படும்போது வாடகைக் கார் அழைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து ஓட்டுவதற்காகவே கொட்டகையில் கார் நிற்கும் வீடுகளுக்கு அவ்வழியே ஏற்றதாக இருக்கும்.

மாற்றுவது என்று முடிவு செய்தபின், எல்லைப் பகுதியினர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் கே.எல். 20 எண் கொண்ட கார்கள் எல்லைக்கு அப்பால் விற்பனையாவதும், மார்த்தாண்டத்தின் டி.என். 75 எண் கொண்ட பழைய கார்கள் இப்பக்கம் வருவதும் இயல்பு. பணம் கைமாறியதும் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றத்தை வாங்கியவரின் பொறுப்பில் விட்டுவிடுவதுதான் ஆபத்து. பெயர் மாறாத கார் விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியுள்ளது. அண்டை மாநிலக் காரை வாங்குவோர், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அதை இங்கே வைத்திருந்தால் இம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும். அதற்கான தடையில்லாச் சான்றையும் வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்த பின்னரே, அந்தக் கார் மலிவா என்று சொல்ல முடியும். பழைய காரின் மீது முன்பு கடன் பெற்றிருந்தால், கடன் தீர்ந்ததும் வங்கியின் சான்றைப் பெற்று, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக் கொள்வதும் அவசியம். கடனை அடைத்தவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, விற்கும் நாளில் அலைகின்றனர்.

கடன் பெறுவோருக்கு ஒரு யோசனை. விண்ணப்பிப்பதற்கு முன், எதிர்பார்க்கும் மாதத் தவணையை ஆறு மாதங்களுக்குத் தொடர் வைப்பில் செலுத்திப் பாருங்கள். மேலே கண்ட கணக்கின்படி ஆறு மாதத்தில் ரூ. 62,000-க்கு மேல் சேரும். பள்ளிக் கட்டணம் வரும் ஜூன் மாதத்தையும் ஓணச் செலவையும் கடந்து அதைத் தடையின்றிச் செலுத்த முடிந்தால், அக்கடன் உங்களால் சுமக்கக்கூடியது. சேர்ந்த தொகை முன்பணமாகும். இடையில் இரண்டு மாதம் தவறினால், பழைய காரை இன்னும் ஓராண்டு பேணுவதே மேல். தவணையைக் குறைப்பதற்காகக் கடனை ஏழு ஆண்டுக்கு நீட்டினால், மாதம் ரூ. 8,045 ஆகக் குறையும். மொத்த வட்டியோ ரூ. 1,75,000-ஐத் தாண்டும். பணி ஓய்வுக்குப் பின்னும் தவணை தொடருமாறு கடனை அமைத்துக்கொள்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பதினைந்து ஆண்டு ஆயிற்று என்பதற்காகவோ, அடுத்த வீட்டில் புதிய கார் நிற்கிறது என்பதற்காகவோ, ஒரு பெரிய ரசீது கண்ணை உறுத்துகிறது என்பதற்காகவோ காரை மாற்ற வேண்டியதில்லை. அடிச்சட்டம் வலுவிழந்துவிட்டதென்றால், குடும்பத்தின் பயணத்துக்கு ஏற்ற காப்பு அதில் இல்லையென்றால், அவசர நேரத்தில் அதை நம்ப முடியவில்லையென்றால், அன்று தயங்க வேண்டியதும் இல்லை. அந்த நிலை வரும்வரை, தவணையாகச் செல்ல இருந்த பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் வளரட்டும். கடன் விண்ணப்பம் ஓராண்டு தாமதமாக வருவதில் எங்களுக்கு வருத்தமில்லை.