இயந்திரத்திற்கு என் பெயரைக் கொடுத்தேன்



"டீச்சர், பையன் மூணு நாளாக் காய்ச்சல்ல கெடந்தான். பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு வார்த்தைகூடக் கேக்கலியே!"

ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. உடனே இணைய வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்த மூன்று நாளும் மாணவன் பள்ளிக்கு வந்திருந்ததாக அது கூறியது. பதிவு செய்தவர் என்னும் இடத்தில் என் பெயர் இருந்தது. ஆனால், பதிந்தது நான் அல்லேன். நான் இயக்கி வைத்த நிரல்!

நடந்தது இதுதான். ஒவ்வொரு வகுப்பின் வருகையையும் ஆசிரியர்கள் முதலில் பள்ளியின் விரிதாளில் குறிக்கிறார்கள். பிறகு அதே விவரத்தை இணையத்தில் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே வேலையை இருமுறை செய்வானேன் என்று எண்ணினேன். பழைய கணினி ஒன்றில் லினக்சு நிறுவி, அதைச் சிறிய வழங்கியாக மாற்றினேன். செலினியம் என்னும் கருவியைக் கொண்டு, குரோம் உலாவி தானாகவே பக்கத்தைத் திறந்து விவரங்களை நிரப்பும்படி பைத்தான் மொழியில் நிரல் எழுதினேன். செலினியம் 2004 இல் சேசன் அக்கின்சு என்பவர் உருவாக்கியது. இணையத்தளங்களைச் சோதிப்பதற்காகப் பிறந்த அக்கருவி, இன்று சலிப்பூட்டும் தட்டச்சு வேலைகளுக்கும் பயன்படுகிறது.

என் மேசைக் கணினியில் நன்றாக ஓடிய நிரல், வழங்கியில் ஓட மறுத்தது. அடுத்தடுத்து மூன்று பிழைச்செய்திகள் வந்தன. அவற்றை நான் தடைகளாகவே பார்த்தேன். மூன்றும் காவலர்கள் என்பது பின்னர்தான் புரிந்தது.

முதற்காவலன்: நிருவாகிக் கணக்கில் நிரலை இயக்கினேன். குரோம் திறக்க மறுத்தது. தீய பக்கம் ஒன்று கணினி முழுவதையும் கைப்பற்றாதவாறு காக்கும் வேலி உலாவிக்குள் உண்டு. லினக்சில் நிருவாகிக் கணக்கில் இயக்கினால், அவ்வேலியை நீக்கினாலன்றிக் குரோம் திறவாது. நான் வேலியை நீக்கும் கட்டளையைச் சேர்த்தேன். நிருவாக உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கை உருவாக்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் காவலன்: 'பயனர் தரவுக் கோப்புறை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்றது செய்தி. ஒரு புரொஃபைல் கோப்புறையை ஒரே நேரத்தில் இரண்டு குரோம் இயக்கங்கள் பயன்படுத்த முடியாது; அதற்காகக் கோப்புறைக்குள் ஒரு பூட்டுக்கோப்பு இருக்கும். உலாவி திடீரென நின்றுபோனால் பூட்டு மட்டும் எஞ்சிவிடும். பின்னணியில் வேறு குரோம் ஓடுகிறதா என்று பார்த்து, அதை நிறுத்திய பின்னரே பூட்டை நீக்கலாம். நானோ ஒவ்வொரு நாளும் பார்க்காமலே அழிக்கும்படி நிரலிலேயே எழுதிவைத்தேன்.

மூன்றாம் காவலன்தான் முதன்மையானவன். நிரலுக்கெனப் புதிய புரொஃபைல் கொடுத்தபோது, தளம் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டது. ஆகவே, நான் ஏற்கெனவே உள்நுழைந்திருந்த என் சொந்தப் புரொஃபைலைக் காட்டினேன். குரோம் அதையும் மறுத்தது. 2025 இல் வெளிவந்த 136 ஆம் பதிப்பு முதல், உலாவியின் இயல்பான புரொஃபைலைப் பிற நிரல்கள் தொலைவிலிருந்து இயக்க இயலாது. அவ்வழியாகத் திருடர்கள் குக்கிகளைக் களவாடியதே காரணம். குக்கி கையில் கிடைத்தால் கடவுச்சொல் இல்லாமலேயே பிறர் பெயரில் உள்ளே நுழைந்துவிடலாம் அல்லவா? நான் என்ன செய்தேன் தெரியுமா? கோப்புறையை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துக் காவலனை ஏமாற்றினேன்!

அன்று மாலை நிரல் ஓடியது. எனக்கு மட்டற்ற மகிழ்ச்சி.

சில வாரங்கள் கழித்து ஒரு வகுப்பாசிரியர் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்றார். விரிதாளில் அவ்வகுப்பின் கட்டங்களை நிரப்ப ஆளில்லை. வெற்றுக் கட்டத்தை 'வருகை' என்று எடுத்துக்கொள்ளும்படி நான்தான் நிரலில் எழுதியிருந்தேன். வகுப்பு முழுவதும் வந்ததாக மூன்று நாளும் பதிவாயிற்று. என் பெயரில்!

புரொஃபைல் என்பதை அமைப்புகளின் தொகுப்பு என்று மட்டும் நினைத்திருந்தேன். உண்மையில் அது இணையத்தில் என் கையொப்பம். அதை இயந்திரத்திடம் கொடுத்தபோது, நான் காணாத ஒன்றைக் கண்டதாகச் சாட்சி சொல்லும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

ஒரு வருகைப் பதிவுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். பாசிர் கூடாங்கில் வாழ்வோர் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். மார்ச் 13 அன்று இவ்வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய நாளில் எந்தப் பிள்ளை பள்ளியில் இருந்தான், எவன் வீட்டில் மூச்சுத்திணறிக் கிடக்கிறான் என்பதை எதைக் கொண்டு அறிவது? வருகைப் பதிவேட்டைக் கொண்டுதானே! அதில் 'எல்லாரும் நலம்' என்று ஓர் இயந்திரம் எழுதி வைத்திருந்தால்?

ஆகவே, என் நிரலை நிறுத்தித் தலைமையாசிரியரிடம் நடந்ததைக் கூறினேன். தவறான பதிவுகளைத் திருத்தினோம். அந்தத் தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் அனுமதித்த பின்னரே நிரலை வேறு முறையில் அமைத்தேன். இம்முயற்சியில் இறங்கும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் சொல்வன இவையே:

1. நிரலுக்கெனத் தனிப் பயனர் கணக்கும் தனிப் புரொஃபைல் கோப்புறையும் கொடுங்கள். சொந்தப் புரொஃபைலை நகலெடுக்காதீர்கள்.

2. ஒவ்வொரு நாளும் ஆசிரியரே உள்நுழையட்டும். வேலை முடிந்ததும் வெளியேறட்டும். இதற்கு ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது.

3. வெற்றுக் கட்டத்தைக் கண்டால் நிரல் நிற்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

4. நிரல் நிரப்பலாம். 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்துவது மனிதர் விரலாகவே இருக்கட்டும்.

தளங்களை அமைப்போருக்கும் ஒரு வேண்டுகோள். விரிதாளை அப்படியே பதிவேற்ற முறையான வாசல் ஒன்று இருந்தால், ஆசிரியர்கள் சன்னல் வழியாக ஏற மாட்டார்கள். நம் நாட்டின் 2010 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. மாணவர் விவரங்களுக்கு அச்சட்டம் காவல் நிற்காத இடத்தில், நம் மனச்சான்றுதான் நிற்க வேண்டும்.

தட்டச்சு வேலையை இயந்திரத்திடம் கொடுப்பதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. மிஞ்சும் நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால், முகத்தைப் பார்க்கும் வேலையையே இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் நமக்கு எஞ்சுவது என்ன?

சிந்திப்போம்.