‘இதால என்ன பிரயோசனம்?’

சென்ற விடுமுறையில் கனடாவிலிருந்து வந்த சாச்சா, தம்பிக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய பேஸ்போல் அட்டைகள் கொண்டுவந்து கொடுத்தார். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் மலிவாக வாங்கினாராம். எல்லாம் 1990ஆம் ஆண்டளவில் அச்சானவை. முன்பக்கத்தில் வீரரின் வர்ணப் படம். பின்பக்கத்தில் அவர் பிறந்த ஊர், உயரம், ஆண்டுவாரியாக அவர் விளையாடிய கணக்கு. பேஸ்போல் விளையாட்டை ஒரு நாளும் பார்த்திராத தம்பி, மூன்று நாட்கள் அவற்றைத் தரையில் பரப்பி அணி அணியாகப் பிரித்து அடுக்கினான். நான்காம் நாள் உம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “இதால என்ன பிரயோசனம் மகன்?”

தம்பி பதில் தேடப் போனான். 2022இல் ஒரு பேஸ்போல் அட்டை 12.6 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனது என்று அறிந்ததும் வீடே அதிரத் துள்ளினான். பிறகு தன் பெட்டியில் இருந்தவற்றின் விலையைத் தேடினான். பெரும்பாலானவை சில சதங்களே பெறும். அன்று மாலை பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அவனுடைய மகிழ்ச்சியைக் கெடுத்தது விலை குறைவாக இருந்ததா, அல்லது விலையைக் கேட்டதா? விலையைக் கேட்டதுதான் என்பது என் கருத்து. அந்த அட்டைகளின் வரலாறே அதற்குச் சாட்சி.

ஒரு வீரர் பெரிய அணிக்கு வந்த புதிதில் வெளியாகும் முதல் அட்டையைப் புதுமுக அட்டை என்பார்கள். அவர் புகழ் பெறுவாரா, ஒரே பருவத்தில் மறைந்துபோவாரா என்று அப்போது எவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அதன் சுவை. மேலே சொன்ன 12.6 மில்லியன் டொலர் அட்டை மிக்கி மென்டில் என்ற வீரருடையது. அதை 1952இல் டொப்ஸ் கம்பனி வெளியிட்டது. உண்மையில் அவருடைய புதுமுக அட்டை அதற்கு முந்திய ஆண்டே போமன் கம்பனியால் வந்துவிட்டது. டொப்ஸ் அட்டைகளோ சூயிங்கத்தோடு சேர்த்துச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டவை. விற்காமல் தேங்கிய 1952ஆம் ஆண்டு அட்டைகளை 1960இல் படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்த சை பேர்கர் பின்னாளில் கூறினார். எஞ்சியவற்றைப் பிள்ளைகள் பொக்கட்டில் திணித்தார்கள். சைக்கிள் சக்கரத்தில் செருகிச் சத்தம் எழுப்பினார்கள். வளர்ந்தபின் தாய்மார் குப்பையில் போட்டார்கள். பழைய அட்டைகள் அரிதானது இப்படித்தான். பணம் வரும் என்று எண்ணி அன்று அவற்றைப் பூட்டிவைத்தவர் அரிது.

பிறகு காலம் மாறியது. பழைய அட்டைகளின் விலை ஏறுவதைக் கண்டவர்கள், 1980களின் பிற்பகுதியில் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். பிள்ளையின் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவும் என்று நம்பிய பெற்றோரும் இருந்தார்கள். கம்பனிகளும் அளவின்றி அச்சடித்தன. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? விலை சரிந்தது. அட்டைப் பொதிகள் முன்னர் மெழுகுத்தாளில் சுற்றப்பட்டு வந்ததால், அந்தக் காலத்தைச் சேகரிப்பாளர்கள் ‘மெழுகுத்தாள் குப்பைக் காலம்’ என்ற பொருளில் இன்றும் கேலியாகக் குறிப்பிடுகிறார்கள். தம்பியின் பெட்டி அந்தக் காலத்துப் பெட்டி.

பணம் புகுந்த இடத்தில் பொய்யும் புகுந்தது. ஹோனஸ் வேக்னர் என்ற வீரரின் அட்டை, 1909 முதல் 1911 வரை சிகரட் பக்கட்டுகளோடு வந்த ஒரு தொகுதியைச் சேர்ந்தது. அவர் ஆட்சேபித்ததால் அது அச்சிடுவது இடையில் நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்று அவர் நினைத்ததாகச் சிலர் சொல்வர். தனக்குப் பணம் தராததே காரணம் என்பர் வேறு சிலர். அவ்வட்டைகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்று, கூர்மையான ஓரங்களுக்காக 2007இல் 2.8 மில்லியன் டொலருக்கு விலைபோனது. அந்த ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் ஒருவர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இதே வேக்னர் அட்டையின் இன்னொரு பிரதி நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் கலை நூதனசாலையில் இருக்கிறது. அதைக் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக். சிரக்கியூஸ் நகரில் மின் உபகரணத் தொழிற்சாலையில் வேலை செய்த சாதாரண மனிதர். பேஸ்போல் அட்டை, வாழ்த்தட்டை, விளம்பரத் துண்டு என்று மற்றவர்கள் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். அவற்றை வகைப்படுத்தி இலக்கமிட்டு ஒரு பட்டியல் நூலும் எழுதினார். சேகரிப்பாளர்கள் இன்றும் அவருடைய இலக்கங்களையே பாவிக்கிறார்கள். சேர்த்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவற்றை நூதனசாலைக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். மூட்டுவாதத்தால் முடங்கிய விரல்களோடு, அங்கேயே இருந்து ஆண்டுக்கணக்காக அவற்றை அல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

அவரிடமும் யாராவது “இதால என்ன பிரயோசனம்?” என்று கேட்டிருப்பார்கள். இன்று ஆய்வாளர்கள் அந்த அல்பங்களைப் புரட்டி, அக்காலத்து அச்சுக்கலையையும் உடையையும் விளம்பரத்தையும் படிக்கிறார்கள்.

பெற்றோரின் கவலை எனக்கு விளங்காமல் இல்லை. பரீட்சை இருக்கிறது, பணமும் மரத்தில் காய்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொதிகளை, விலையுயர்ந்த அட்டை வந்துவிடும் என்ற ஆசையில் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் பிரிப்பது லொத்தர் சீட்டு இழுப்பதற்கு ஒப்பானதே. அதைத் தடுப்பது சரி. ஆனால் ஒரு பிள்ளை அடுக்கி, பெயர் எழுதி, ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வீண் வேலை என்று சொல்லிவிடாதீர்கள். பிற்காலத்தில் விலைபோகும் என்று ஆசை காட்டியும் அதை நியாயப்படுத்தாதீர்கள். இரண்டும் பிள்ளைக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

தோழியரே, நம்மில் பலரிடமும் முத்திரை அல்பமோ, பழைய நாணயம் போட்ட டின்னோ, வாழ்த்தட்டைக் கட்டோ இருக்கும். புள்ளி கிடைக்காத எதையும் செய்ய நாம் கூச்சப்படுகிறோம். அதை ஒளித்துவைக்க வேண்டாம். யாராவது பிரயோசனம் கேட்டால் விலை சொல்லவும் வேண்டாம். அவர்களைப் பக்கத்தில் இருத்தி ஒன்றை எடுத்துக் காட்டுங்கள்.

நேற்று நான் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்தெடுத்தேன். ஓர் அட்டையின் பின்பக்கத்தை உரத்து வாசித்தேன். ஒரே ஒரு பருவம் மட்டும் விளையாடிய ஒருவர், அதன்கீழ் வெற்றிடம். “பிறகு அவருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டபடி தம்பி வந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் உம்மாவும் வந்து, “எங்க, காட்டுங்க” என்றார்.