ஆண்டறியாக் கள்

மேல்நாட்டார் திராட்சை மதுவைச் சுவைக்குமுன் அது விளைந்த ஆண்டைக் கேட்பர். ஒரே சிறு தோட்டத்து வெள்ளை மதுவும் செம்மதுவும் ஆண்டுக்காண்டு வேறுபடும். அவ்வவ்வாண்டின் வெயிலும் மழையும் போத்தலில் தங்கியிருக்கும். தோலோடு ஊறிய செம்மது, அத்தோலின் துவர்ப்பைத் துணைகொண்டு பல்லாண்டு நிற்கும்.

இவ்வருமை தமிழர் அறியாததன்று. யவனர் கலத்தில் வந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பேசுகிறார். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மேலைநாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மூங்கிலில் நெடுநாள் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது.

எனினும் முள்ளியவளையில் ஆண்டைக் கேட்பதற்கு இடமில்லை. பனங்கள் காலையில் இனிக்கும், மாலையில் புளிக்கும், பின்னர் காடியாகும். சுண்ணாம்பிட்டு இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கினால் மட்டுமே அவ்வினிமை அடுத்த பருவத்தைக் காணும். கள்ளை விலக்குவோரும் பனங்கட்டியை விலக்குவதில்லை.

ஆகவே நாம் பேணவேண்டிய பழமை மரமே. போர்க்காலத்தில் வன்னிப் பனைகள் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. எறிகணையால் தலையிழந்து நின்றவையும் பல. திராட்சைக் கொடி மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கும். பனைக்கோ 15 முதல் 20 ஆண்டு வேண்டும். 2009இல் போர் ஓய்ந்தபின் ஊன்றிய விதை இப்போதுதான் பாளைவிடும் வயதை எட்டுகிறது. அன்று ஊன்றாதவர் இன்று ஊன்றினால் அடுத்த தலைமுறைக்காவது உதவும்.

பழைய மதுவை நிலவறையில் சேர்ப்போரைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. அவர்தம் பொறுமையை மட்டும் கற்றுக்கொள்வோம். மாரி தொடங்குமுன் வீட்டுக்குப் பத்துப் பனம்விதையாவது வேலியோரம் ஊன்றுவோமாக.