அறிந்த பிழையும் தற்காலிக ஏற்பாடும்

காகிதத்தில் எழுதியது கரையானுக்கு இரையாகும். கம்ப்யூட்டரில் எழுதியதற்கு அத்தகைய பயமில்லை என்னும் எண்ணம் இன்று பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. நிலப் பதிவு, பிறப்பு இறப்புக் கணக்கு, வங்கி ஏடு, ஆராய்ச்சிசாலையில் எடுத்த அளவுகள் ஆகிய யாவும் சர்வர் எனப்படும் பொதுக் கம்ப்யூட்டர்களில் கோப்புகளாக இருக்கின்றன. அக்கோப்புகளை வட்டில் இடம் பார்த்து வைப்பதும், கேட்டபோது எடுத்துத் தருவதும் இயக்க முறைமையின் ஓர் அங்கமாகிய கோப்பு முறைமையின் வேலையாகும். அதுவும் மனிதர் எழுதிய நிரல்தான். ஆகவே அதில் பிழை இருப்பது வியப்பன்று. இருப்பதாகத் தெரிந்துவிட்ட பிழையை எவ்வாறு கையாளுகிறார்கள் என்பதே ஆராயத்தக்கது.

தாலுகா கச்சேரியின் ரிக்கார்டு அறையை உவமையாகக் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். வருகின்ற ஒவ்வொரு தாளையும் ரிக்கார்டு கீப்பர் உடனுக்குடன் அலமாரியில் அடுக்குவதில்லை. மேஜைமேல் ஒரு தட்டில் சேர்த்துவைத்துப் பிறகு ஒரே தடவையாகக் கொண்டுபோய் அடுக்கிப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். சர்வரிலும் அப்படியே. எழுதப்படுவது முதலில் நினைவகத்தில் தங்குகிறது. சில விநாடிகள் கழித்தே வட்டுக்குப் போகிறது. வேகம் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. தட்டுக்கும் அலமாரிக்கும் இடைப்பட்ட அந்தச் சில விநாடிகளில்தான் பல விபரீதங்கள் விளைகின்றன.

இஸட்.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தாரின் ஸோலாரிஸ் இயக்க முறைமைக்காக உருவாக்கப்பட்டது. இப்போது ஓப்பன் இஸட்.எப்.எஸ். என்ற பெயரில் லினக்ஸ், ஃப்ரீபி.எஸ்.டி. ஆகியவற்றில் வழங்குகிறது. வட்டில் வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டு உடன் வைப்பது அதன் சிறப்பு. வட்டு பழுதாகி ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாமற்போய்க் குற்றம் வெளிப்பட்டுவிடும். தரவுகளைப் பேணுவதில் இதற்கு நிகரில்லை என்று சொல்வோர் பலர். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையே.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் இதன் 2.2.0 என்ற பதிப்பு வெளிவந்தது. அடுத்த மாதமே, நகலெடுத்த சில கோப்புகளின் நடுவே எழுத்து இருக்கவேண்டிய இடங்களில் வெறும் சுழிகளே நிற்கின்றன என்று ஜென்டூ லினக்ஸில் அதைப் பயன்படுத்தியோர் முறையிட்டார்கள். அப்பதிப்பில், இரு கோப்புகள் ஒரே துண்டைப் பங்கிட்டுக்கொள்ளும் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. சந்தேகம் அதன்மேல் விழுந்தது. நவம்பர் 21-ஆம் தேதி வெளியான 2.2.1 பதிப்பில் அவ்வசதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் குற்றவாளி அதுவன்று. அவ்வசதி அறவே இல்லாத பழைய பதிப்புகளிலும் அதே சுழிகளைத் தோற்றுவிக்க முடிந்தது. புதிய வசதியும், 2021-இல் வெளிவந்த கோர்யூட்டில்ஸ் 9.0 என்னும் கருவித் தொகுப்பில் நகலெடுக்கும் முறை மாறியதும், பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த பிழையை அடிக்கடி வெளிப்படச் செய்தன. அவ்வளவே.

பிழையின் தன்மை கவனிக்கத்தக்கது. நகலெடுக்க வந்த குமாஸ்தா, வீண் வேலையைத் தவிர்ப்பதற்காக, “இக்கட்டில் வெற்றுத் தாள்கள் எவை?” என்று ரிக்கார்டு கீப்பரைக் கேட்கிறார். அவர் மேஜைத் தட்டைப் பாராமல் பதிவேட்டை மட்டும் பார்க்கிறார். சற்றுமுன் எழுதி வந்த தாள் இன்னும் பதிவாகவில்லை. “பன்னிரண்டாம் தாள் வெற்றுத் தாள்” என்கிறார். குமாஸ்தா அவ்விடத்தை வெறுமையாக விட்டு, ‘உண்மை நகல்’ என்று முத்திரையிட்டுப் போய்விடுகிறார். மூலம் பழுதுபடவில்லை, நகல் மட்டுமே பழுது. அந்த நகலுக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. சுழிகளுக்கு உரிய எண் சரியாகவே கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே வட்டு முழுவதையும் சோதித்தாலும் குற்றம் புலப்படாது. நகல் கிடைத்துவிட்டதென்று மூலத்தை அழித்தவருக்குத் தாம் இழந்தது என்னவென்று தெரியவும் வழியில்லை. சத்தத்தோடு நிற்கும் இயந்திரத்தைவிடச் சத்தமின்றித் தவறும் இயந்திரம் பலமடங்கு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நவம்பர் 30-ஆம் தேதி 2.2.2, 2.1.14 ஆகிய பதிப்புகளில் பிழை திருத்தப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் ஒரு தற்காலிக ஏற்பாடு கைக்கு வந்தது. கோப்பு முறைமையின் அமைப்பு எண்களில் ஒன்றை 1 என்பதிலிருந்து 0 ஆக மாற்றிவிட்டால், எழுதி முடியாத கோப்பில் வெற்றிடம் தேடும் வேலையையே அது செய்யாது. இவ்வேற்பாடு பிழை நேரும் வாய்ப்பைக் குறைத்தது, அறவே நீக்கவில்லை. பதிவேட்டை மட்டும் பார்க்கும் பழக்கம் வேறிடத்தில் அப்படியே இருந்ததே காரணம்.

‘ஒர்க்அரவுண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் ‘தற்காலிக ஏற்பாடு’ என்று பெயர்த்தால், மூலத்தில் இல்லாத ‘தற்காலிக’ என்ற அடைமொழி கூடவே வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பின் குறை என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்த அடைமொழியை மறந்ததனால் வரும் தொல்லைகளே அதிகம். ஒரு நெருக்கடியில் அவசரமாக மாற்றப்பட்ட 0, பிழை திருந்திய பின்னும் சர்வரில் நின்றுகொண்டிருக்கும். மாற்றியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அடுத்து வந்தவர், காரணம் தெரியாததனால், அதைத் தொட அஞ்சுவார். காரணமின்றியே அடுத்த சர்வரிலும் அதை எழுதுவார். இவ்வாறு மருந்து சாப்பாடாக மாறுகிறது. எந்தப் பிழைக்காக, எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில், யாரால் இவ்வேற்பாடு செய்யப்பட்டது, எந்தப் பதிப்பு வந்தால் நீக்கலாம் என்று பக்கத்திலேயே இரண்டு வரி எழுதிவைக்காத ஏற்பாட்டை ஏற்பாடாகவே மதிக்கக்கூடாது.

எல்லாத் தற்காலிக ஏற்பாடுகளும் நீக்கத்தக்கன அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை புதிதாக வழக்குக்கு வந்தபோது, மின்சாரம் தடைப்பட்டோ இயந்திரம் முடங்கியோ மீண்டெழுந்தால், அண்மையில் திருத்தி எழுதிய கோப்புகள் உள்ளீடற்று நின்றன. முன்னைய எக்ஸ்ட்3 சுமார் 5 விநாடிகளுக்கு ஒருமுறை தட்டைக் காலி செய்தது. எக்ஸ்ட்4 அரை நிமிடத்துக்கு மேலும் தாமதித்தது. உண்மையில் தவறு, வட்டில் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளாத நிரல்களுடையது. ஆயினும், பழைய கோப்பின்மேல் புதியது வைக்கப்படும் சமயங்களில் மட்டும் தாமதிப்பதில்லை என்று கோப்பு முறைமையே இறங்கிவந்தது. 2.6.30 கெர்னலில் சேர்ந்த அந்தச் சலுகை இன்றளவும் இயல்பாகவே நடைமுறையில் இருக்கிறது. அதைக் குறைகூறுவோரும் உண்டு. ஆயினும் எண்ணற்ற நிரல்களைத் திருத்துவதைவிட ஓரிடத்தில் திருத்தியது விவேகமே.

இதற்கு நேர்மாறாக, ஏற்பாடே பிழையாக முடிந்த கதையும் உண்டு. போஸ்ட்கிரஸ் எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தள நிரல், தான் எழுதியவற்றை வட்டில் சேர்க்குமாறு இயக்க முறைமைக்கு ‘எப்ஸிங்க்’ என்ற கட்டளை இடும். பிழை என்று விடை வந்தால் மீண்டும் ஒருமுறை கட்டளையிடும். இரண்டாம் தடவை ‘ஆயிற்று’ என்று விடை வந்தால் திருப்தியடையும். பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் லினக்ஸ் கெர்னலோ, வட்டு ஏற்க மறுத்த தாளைப் பற்றி ஒருமுறை பிழை சொல்லிவிட்டு, அதைச் சேர்க்கவேண்டிய தாள்களின் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். இரண்டாம் தடவை கேட்கும்போது பாக்கி ஒன்றுமில்லை, ஆகவே ‘ஆயிற்று’. அந்த விடையை நம்பித் தரவுத்தளம் தன் நாட்குறிப்பின் பழைய ஏடுகளையும் கழித்துவிடும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் இந்த உண்மை தரவுத்தளத்தாரிடையே வெளிப்பட்டது. சுமார் 20 ஆண்டுகள் அந்நிரல் தவறான நம்பிக்கையோடு நடந்துவந்திருக்கிறது.

கெர்னலை எழுதியோர் தரப்பிலும் நியாயம் இருந்தது. வட்டையே பிடுங்கி எடுத்துவிட்டால் அதற்குரிய தாள்களை எத்தனை காலம் நினைவகத்தில் சுமந்துகொண்டிருப்பது என்று அவர்கள் கேட்டார்கள். முடிவில் போஸ்ட்கிரஸ் எஸ்.க்யூ.எல். தன் வழியை மாற்றிக்கொண்டது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான 11.2 பதிப்பு முதல், எப்ஸிங்க் ஒருமுறை தவறினால் அந்நிரல் மறுபடி கேட்பதில்லை. அப்படியே நின்றுவிட்டு, நாட்குறிப்பைப் படித்து மீண்டெழுகிறது. சேவை சிறிது நேரம் நிற்கும், தரவு நிற்கும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு இது சரியான விடை.

இனி, பிழைகளைப் பகிரங்கப்படுத்தலாமா என்ற கேள்வி எழுகிறது. பிழைப் பட்டியலைப் பிரசுரித்தால் பயன்படுத்துவோர் அஞ்சி ஓடுவர் என்று கருதுவோர் இன்னும் இருக்கின்றனர். யூனிக்ஸ் இயக்க முறைமையின் முதற் கையேடு 1971-ஆம் ஆண்டு நவம்பரில் தொகுக்கப்பட்டபோது, கட்டளைகளை விளக்கும் பக்கங்களில் ‘பிழைகள்’ என்ற தலைப்பும் இடம்பெற்றது. செய்தவர்களே தம் செய்பொருளின் குறையை அதன் பெயருக்குக் கீழேயே எழுதிவைத்தார்கள். யூனிக்ஸ் அதனால் மதிப்பிழந்துவிடவில்லை. லினக்ஸின் பி.டி.ஆர்.எப்.எஸ். கோப்பு முறைமையும் இம்மரபைப் பின்பற்றுகிறது. பல வட்டுகளில் தரவைப் பரப்பிவைக்கும் ரெய்டு 5, ரெய்டு 6 முறைகளில், எழுதும்போது மின்சாரம் நின்றால் நேரக்கூடிய ஓட்டையை அதன் கையேடே கூறி, சோதனைக்கன்றி நடைமுறைக்கு அவற்றைக் கொள்ளவேண்டாம் என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் படித்தும் மீறியவர் பின்னர் முறையிட்டால் அனுதாபம் காட்டலாம். கோப்பு முறைமையைப் பழிக்க இடமில்லை.

டெபியன் லினக்ஸின் 12.3 பதிப்பு 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி வெளிவர இருந்தது. அதிலிருந்த 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்புகளைக் கெடுக்கும் பிழை ஒன்று அன்றே தெரியவந்தது. வேறொரு குறையைப் போக்க வந்த திருத்தம் ஒன்றைப் பழைய கெர்னலுக்குக் கொண்டுவந்தவர்கள், அதற்குத் துணையாக வரவேண்டிய மற்றொரு திருத்தத்தை விட்டுவிட்டார்கள். எழுதிய இடத்துக்கு அடுத்துப் போகவேண்டிய எழுதுகோல் நின்ற இடத்திலேயே நிற்க, அடுத்த வரி முந்தைய வரியின்மேல் எழுதப்பட்டது. டெபியன் குழுவினர் தயங்கவில்லை. எந்த இயந்திரத்தையும் இப்போது புதுப்பிக்கவேண்டாம் என்றும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்திருப்போர் விழிப்பாயிருக்கவேண்டும் என்றும் அன்றே அறிவித்தார்கள். மறுநாள் திருத்திய கெர்னலோடு 12.4 வெளிவந்தது. ஒருநாள் வெட்கம், அவ்வளவுதான்.

ஆனால் அன்று சனிக்கிழமை. அந்த அறிவிப்பை எத்தனை அலுவலகங்களில் யார் படித்திருப்பார்? இந்திய சர்க்கார் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை, மின்னாட்சி அமைப்புகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கவேண்டும் என்கிறது. நல்ல கொள்கை. நிரல் திறந்திருப்பதுபோல் அதன் பிழைகளும் திறந்தே கிடக்கின்றன. எனினும், அவற்றைப் படிப்பது இன்ன உத்தியோகஸ்தருடைய வேலை என்று எழுத்து மூலம் விதித்தாலன்றி ஒருவரும் படியார். சர்வர் வாங்கும் டெண்டரில் மின்கம்பியின் தடிமன்வரை நிபந்தனை எழுதுவோர், பிழை அறிவிப்பைப் பார்க்கும் பொறுப்பையும் ஒரு வரியில் சேர்ப்பது அரிதன்று. அதோடு, மூலத்தையும் நகலையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாராமல் மூலத்தை அழிக்கலாகாது என்ற விதியும் வேண்டும். நகலைத் தன் சரிபார்ப்பு எண்ணோடு தானே ஒப்பிடுவது ஒப்பீடாகாது என்பதை மேற்கண்ட இஸட்.எப்.எஸ். கதை காட்டுகிறது.

2023-இல் எழுதிய அந்த 0 எந்தெந்தச் சர்வர்களில் இன்னும் நிற்கிறது என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கெர்னலின் அமைப்புக் கோப்புகள் உள்ள அடைவைத் திறந்து, தேதியும் காரணமும் இல்லாத வரிகளைக் குறித்துக்கொள்வது ஒரு பிற்பகல் வேலை.