பீடித் தட்டும் பஸ் பாஸும்

"வெளிநாட்டுல எல்லாம் பதினெட்டு வயசானா அவனவன் சம்பாதிச்சுப் படிக்கிறான் சார். ஓட்டல்ல தட்டு கழுவுறான், பெட்ரோல் போடுறான். நம்ம பிள்ளைங்கதான் அப்பன் காசுல தின்னுட்டு செல்லை நோண்டிக்கிட்டு இருக்குதுங்க."

இந்த வசனத்தைத் தென்காசி டீக்கடையில இருந்து கல்யாணப் பந்தி வரைக்கும் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. சொல்றவர் பெரும்பாலும் ரிட்டயர்டு ஆளா இருப்பார். மகன் அமெரிக்காவுல இருந்தா குரல் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனா அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, பி.எஸ்ஸி. கணக்கு படிக்கிற பொண்ணு ஒண்ணு ராத்திரி பத்து மணிக்கு மடியில தட்டை வச்சு பீடி சுத்திக்கிட்டு இருக்கும். அதை அவர் 'வேலை'ன்னு கணக்குல சேர்க்கவே மாட்டார். வீட்டுக்குள்ள உக்காந்து செய்யிறதெல்லாம் நம்ம ஊருல வேலை இல்லையே!

தென்காசி, கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர்... இந்தச் சுத்துவட்டாரத்துல பீடி சுத்தாத தெரு ரொம்பக் கம்மி. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா பக்கத்துக் காட்டுல இருந்து வருது. அதை நனைச்சு, அளவு வச்சுக் கத்தரிச்சு, தூளை வச்சு உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கணும். ஆயிரம் பீடிங்கிறது ஒரு ஆளுக்கு முழு நாள் வேலை. கொண்டுபோய்க் கொடுத்தா சரியில்லாததைக் கழிச்சுப் போட்டுட்டு மிச்சத்துக்குத்தான் கணக்கு. அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துறாங்கன்னு யாராவது சொன்னா அவசரப்பட்டு நம்பிடாதீங்க. அதுல முன்னூறு மக சுத்துனதா இருக்கும், இலை வெட்டினது பாட்டியா இருக்கும்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. பாஸ் புத்தகம் அம்மா பேருல. பி.எஃப். அம்மா பேருல. பீடித் தொழிலாளி அடையாள அட்டையும் அம்மா பேருலதான். காலேஜ் போற மகள் மூணு வருஷம் சுத்துன பீடிக்கு எந்தத் தாள்லயும் சாட்சி கிடையாது. பீடித் தொழிலாளியோட பிள்ளைகளுக்குன்னு மத்திய தொழிலாளர் துறை உதவித்தொகை கொடுக்குது. 1976-ல வந்த சட்டத்துல பீடிக்கு ஒரு செஸ் போட்டு அதுல இருந்து நடந்த நல்ல திட்டம். (2017-ல ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த செஸ்ஸை எடுத்துட்டாங்க.) அந்த விண்ணப்பத்துல இந்தப் பொண்ணு யாரு? 'தொழிலாளியின் மகள்'. அவளே தொழிலாளிங்கிறதுக்கு அந்தத் தாள்ல கட்டம் இல்ல.

இப்ப ஹாஸ்டல் கதைக்கு வாரேன். நகரத்துல இருக்கிற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி: "ஏன் உங்க ஊர்ப் பிள்ளைங்க திருநெல்வேலியில, மதுரையில தங்கிப் படிக்காம தினமும் பஸ்ஸுலயும் ரயிலுலயும் அல்லாடுதுங்க?"

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டுன்னு சொல்லுவாங்க. செயின்ட் ஜான்ஸ், சாரா டக்கர், சேவியர்ஸ், சதக்கத்துல்லாஹ் அப்பான்னு வரிசையா காலேஜ். தென்காசியில இருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறிப் பாருங்க, அதுதான் எங்க ஊரு ஹாஸ்டல்! ஒருத்தி சாப்பிடுவா, ஒருத்தி ரெக்கார்டு எழுதுவா, ஒருத்தி ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிக்கிட்டே வருவா.

ஹாஸ்டல் கட்டணம் அதிகம்ங்கிறது பாதிக் காரணம்தான். பணமே வாங்காத அரசு விடுதிகளும் இருக்கு (2025-ல அதுக்கெல்லாம் சமூகநீதி விடுதின்னு பேரு மாத்தினாங்க). ஆனா பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனா வீட்டுல ஒரு ஜோடிக் கை குறையுது. ராத்திரி சுத்துற முன்னூறு பீடி போச்சு. அதாவது விடுதி இலவசமா இருந்தாலும் வீட்டுக்கு அது செலவுதான். வீட்டுல இருந்து போய் வந்தா கை மிச்சம், ஆனா அந்தக் கைக்குத் தூக்கம் போச்சு. தங்குற இடமும் செய்யிற வேலையும் தனித்தனிப் பிரச்சினைன்னு நினைச்சுத் திட்டம் போடுறவங்களுக்கு இது புரியவே புரியாது. எங்க ஊருல ரெண்டும் ஒண்ணுதான்.

குற்றாலத்துல ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரின்னு ஒண்ணு இல்லைன்னா என்ன ஆயிருக்கும்னு அடிக்கடி நினைச்சுக்குவேன். 1964-ல ஆரம்பிச்சது, குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்தது. ஒரு கோயில் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காரியம் இதுதான். தங்கப் பிள்ளைகளை அனுப்ப முடியாத ஊருக்குக் காலேஜையே கொண்டுவந்து வச்சாங்க. அந்தப் பக்கத்து வீடுகள்ல அம்மாவும் அங்க படிச்சவங்க, மகளும் அங்க படிச்சவங்கன்னு நிறையப் பேரைப் பாக்கலாம்.

போன சில வருஷத்துல ரெண்டு விஷயம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் அசைச்சிருக்கு. ஒண்ணு, 2021 மே மாசம் வந்த பெண்களுக்கான இலவச டவுன் பஸ். இன்னொண்ணு, 2022 செப்டம்பர்ல வந்த புதுமைப்பெண் திட்டம். அரசுப் பள்ளியில படிச்சுட்டு மேல படிக்கிற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய். 2024 கடைசியில அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் வந்துச்சு. ஆம்பளப் பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்ல.

"ஆயிரம் ரூபாய்ல என்ன சார் ஆயிடும், ஓட்டு வாங்கத்தான்"னு நம்ம டீக்கடைப் பெரியவர் இதுக்கும் ஒரு வசனம் வச்சிருப்பார். எனக்கு இதுல அவரோட ஒத்துப்போக முடியல. ஆயிரம் ரூபாய்ங்கிறது பீடிக் கணக்குல பல ராத்திரி. பரீட்சைக்கு முந்தின ரெண்டு வாரம் தட்டை எடுக்காம இருக்கலாம். பணம் பொண்ணோட சொந்த பேங்க் கணக்குக்கு வருதுங்கிறது அதைவிடப் பெரிசு. அவ பேருல வர்ற முதல் காசு அது. சுத்துன பீடிக்குக் கூட அவ பேருல வரலையே.

சரி, பசங்க கதை வேற மாதிரி. அவங்களுக்கு முகூர்த்த நாள்தான் வேலை நாள். கேட்டரிங் காண்ட்ராக்டர் முந்தின நாளு சாயங்காலம் போன் போடுவார், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு பந்தி பரிமாறப் போயிருவானுங்க. தை, வைகாசி, ஆவணி நல்ல வருமானம். மார்கழி, ஆடி பட்டினி. தீபாவளிக்கு ஜவுளிக்கடை ஒரு மாசம் கைகொடுக்கும்.

அப்புறம் சீசன். ஜூன்ல தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சாரல் விழ ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலம் வேற ஊரு. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் கடை, நேந்திரங்கா சிப்ஸ் கடை, கார் பார்க்கிங், லாட்ஜ்ல ரூம் பாய்... எல்லாத்துக்கும் ஆள் வேணும். கார்த்திகை, மார்கழியில ஐயப்ப சாமிங்க வர்றப்ப ஒரு குட்டி சீசன். ஆனா இந்த வேலை தண்ணியோட வேலை. அருவியில தண்ணி இல்லைன்னா வேலை இல்ல. தண்ணி ஜாஸ்தியாகி வெள்ளம் வந்து 'குளிக்கத் தடை'ன்னு போலீஸ் கயிறு கட்டினா அன்னைக்கும் கூலி இல்ல. 2020, 2021 ரெண்டு வருஷமும் கொரோனாவுல சீசனே காணாமப் போச்சு. அதை நம்பி ஃபீஸ் கட்ட நினைச்ச பசங்க என்ன ஆனாங்கன்னு எந்தப் பேப்பர்லயும் வரல, லாட்ஜ்காரங்க நஷ்டம்தான் வந்துச்சு.

இந்த சீசன் செய்யிற இன்னொரு கூத்து, ரூம். வெளியூர்ல இருந்து இங்க படிக்க வர்ற பசங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்க வர்ற பசங்க ரூம் தேடுறது ஜூன், ஜூலையில. அதே ஜூன், ஜூலையில குற்றாலத்துல ரூம் நாள் வாடகைக்குப் போகும். சனி ஞாயிறு ரெண்டு நாள்ல மாச வாடகையைப் பாத்துரலாம்னா எந்த ஓனர் மாணவனுக்குக் கொடுப்பார்? நம்ம தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர்ட்ட கேட்டேன்.

"தம்பி, செப்டம்பர்ல வரச் சொல்லுங்க. ஏப்ரல் வரைக்கும் பூட்டித்தான் கெடக்கு, குறைச்சலாவே தாரேன். சீசனுக்கு முன்னால காலி பண்ணிரணும், அதான் கண்டிசன்."

"காலேஜ் செப்டம்பர்லயா அண்ணாச்சி தொறக்குது?"

"அதுக்கு நான் என்ன செய்ய? சாரல் அடிக்கதை நான் நிறுத்த முடியுமா?"

சிரிச்சாலும் அவர் சொன்னதுல ஒரு வழி இருக்குன்னு தோணுது. வருஷத்துல எட்டு மாசம் பூட்டிக் கிடக்கிற ரூமும், ரூம் இல்லாத பசங்களும் ஒரே ஊருல இருக்காங்க. முதல் ரெண்டு மூணு மாசத்துக்கு மட்டும் ஏதாவது மண்டபமோ விடுதியோ ஏற்பாடு பண்ணிட்டா மிச்ச மாசத்தை இந்த லாட்ஜுங்களே பாத்துக்கும். குறைஞ்சபட்சம் போட்டித் தேர்வுப் பசங்களுக்கு இது சரியா வரும், அவங்களுக்கு ஜூன் கட்டாயம் இல்லையே. காலேஜ், பேரூராட்சி, லாட்ஜ்காரங்க மூணு பேரும் ஒரு நாள் உக்காந்து பேசினா முடியிற காரியம்.

தென்காசி டவுனுக்குள்ள வீடு தேடினா அட்வான்ஸ் பிரச்சினை. தமிழ்நாட்டுல 2019-ல அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்துல வேற மாதிரி பேசிக்கலைன்னா, குடியிருக்கிற வீட்டுக்கு மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது, எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும். இதைச் சொல்லிப் பாருங்க, "அப்ப அந்தச் சட்டத்துக்கிட்டயே போய் வீடு கேளு"ன்னு பதில் வரும் :-)

அட்வான்ஸ் கூடப் பரவாயில்ல. வீட்டுக்காரங்க கேக்குற அந்த ரெண்டு கேள்விதான் மோசம். "எந்த ஊரு தம்பி?" அதுக்கு ஊர்ப் பேரைச் சொன்னா, "அங்க எந்தத் தெரு?" தெரு எதுக்குன்னு கேக்குறவனுக்கும் தெரியும், சொல்றவனுக்கும் தெரியும். கூட வந்த மூணு பசங்கள்ல ஒருத்தன் சொன்ன தெருப் பேருக்கு அப்புறம் "வீடு வேற ஆளுக்குப் பேசியாச்சு, மறந்துட்டேன்"னு கதவைச் சாத்தினதை நானே பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். மாவட்டத் தலைநகரம் ஆகியாச்சு (2019 நவம்பர்), கலெக்டர் வந்தாச்சு. கேள்வி மட்டும் அதேதான்.

நடுவுல ஒரு நல்ல சேதியும் சொல்லிரணும். கடையம் போற வழியில மத்தளம்பாறையில சோஹோ கம்பெனி. 2011-ல சின்னதா ஆரம்பிச்சது. ஸ்ரீதர் வேம்பு 2019-ல அந்த ஊருக்கே குடிவந்துட்டார். அவங்க நடத்துற ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கு ஃபீஸ் வாங்காம சொல்லிக் கொடுத்து, படிக்கிறப்பவே மாசாமாசம் உதவித்தொகையும் கொடுக்கிறாங்க. பீடி சுத்துற ஊருங்களுக்கு நடுவுல இது நடக்குதுங்கிறது பெரிய விஷயம். ஆனா அதுல எல்லாருக்கும் இடம் கிடைக்காது. மத்த பிள்ளைகளைப் பத்தித்தான் நான் பேசுறேன்.

கடைசியா பழைய சாமான். சென்னையில காயலான் கடைம்பாங்க, எங்க பக்கம் ஆக்கர் கடை. மாணவன் வாழ்க்கையே அதுலதான் ஓடுது. பள்ளிக்கூடத்துல கொடுத்த இலவச சைக்கிள், 2011-ல இருந்து கொடுத்த லேப்டாப்புன்னு எல்லாம் சுத்திச் சுத்திக் கைமாறிக்கிட்டே இருக்கும். அரசு லேப்டாப்பை விக்கக் கூடாதுதான். ஆனா வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு வந்தா முதல்ல போறது அதுதான், அதை வாங்கறவன் பெரும்பாலும் இன்னொரு மாணவன். இதுல யாரைத் திட்ட? நான் யாரையும் திட்டல.

பழைய சாமான்ல இப்ப ரொம்ப கிராக்கி எதுக்குத் தெரியுமா? ஸ்கூல் புத்தகத்துக்கு. குரூப் 4-க்குப் படிக்கிறவங்களுக்கு ஆறாங்கிளாஸ்ல இருந்து பாடப் புத்தகம் வேணும். 2018, 2019-ல புதுப் பாடத்திட்டம் வந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின சமச்சீர்ப் புத்தகத்தையும் விடாம தேடுறாங்க, தமிழும் சமூக அறிவியலும் முக்கியமா. கடையில அட்டை கிழிஞ்ச பழைய எட்டாங்கிளாஸ் சமூக அறிவியல் ஒண்ணுக்கு ரெண்டு பட்டதாரிங்க பேரம் பேசினதைப் பாத்தேன். வீட்டுல நாம எடைக்குப் போட்டதுதான் அது, கிலோ கணக்குல போய் ஒத்தைப் புத்தகமா விலைக்கு வருது.

அதனால ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பரணுல பிள்ளைங்க படிச்ச பழைய தமிழ், சமூக அறிவியல் புத்தகம் கிடந்தா தராசுல போடாதீங்க. பக்கத்து நூலகத்துல போய்ப் பாருங்க, ரீடிங் ரூம்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அசையாம உக்காந்து குறிப்பு எடுத்துக்கிட்டு இருக்கிற நாலு பேரு இருப்பாங்க. அவங்க கையில கொடுத்துருங்க. ஆறு, ஏழு கிளாஸ் புத்தகம் இருந்தா இன்னும் விசேஷம், அதுதான் கடையில சிக்க மாட்டேங்குது.